பழவேற்காட்டு இறாலின் குடலும் ஓம்புயிரியின் இயக்குநீரும்: நுண்ணுயிர்கள் நெருக்கடியை அறியும் முறை

ஆய்வுச் சுருக்கம்

விலங்குகளின் உடலில் நெருக்கடி நேரத்தில் சுரக்கும் இயக்குநீர்களைக் குடல்வாழ் பாக்டீரியங்கள் உணர்ந்து, தம் வளர்ச்சியையும் இயக்கத்தையும் நோயூக்கத்தையும் மாற்றிக்கொள்கின்றன என்பது கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகளால் தெளிவாகியுள்ளது. பெரும்பாலும் மனிதரையும் சுண்டெலியையும் வைத்தே பேசப்படும் இச்செய்தியை, பழவேற்காடு ஏரியின் இறாலையும் அதன் குடலில் வாழும் விப்ரியோ பாக்டீரியங்களையும் முன்னிறுத்தி இக்கட்டுரை விளக்குகிறது. ஏரியின் உப்புத்தன்மை, முகத்துவார அடைப்பு, பிடிக்கும் முறை ஆகியன இவ்வுறவில் எங்கு இடம்பெறுகின்றன என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பழவேற்காடு, இறால், விப்ரியோ, நார்அட்ரினலின், டோபமைன், ஏற்பி, குறைவெண் உணர்தல், பாடு முறை

முன்னுரை

இறாலை உரித்துக் கழுவும்போது அதன் முதுகுப்புறத்தில் ஒரு கருநூல் தென்படும். கத்திமுனையால் அதைக் கிளறி எடுத்து எறிந்துவிடுவர். அடுப்படியில் அதனை நரம்பு என்று சொல்வோர் உண்டு. உண்மையில் அது இறாலின் குடல். கருமைக்குக் காரணம் அது தின்ற சேறும் மட்கும். இந்தக் கருநூலுக்குள் பெருந்திரளாக வாழும் பாக்டீரியங்கள் தமக்கு இடமளித்த விலங்கின் உடல்நிலையை எவ்வாறு அறிகின்றன என்பதே இக்கட்டுரையின் வினா.

இத்துறைக்கு 'நுண்ணுயிர் இயக்குநீரியல்' என்று பெயரிடலாம். 1992ஆம் ஆண்டு மார்க் லைட், ஷரோன் எர்ன்ஸ்ட் ஆகிய அமெரிக்க ஆய்வாளர் இருவரும், நார்அட்ரினலின் சேர்த்த ஊடகத்தில் கிராம் எதிர் பாக்டீரியங்கள் பன்மடங்கு பெருகுவதைக் காட்டினர். அதுவரை நெருக்கடிக்கு உள்ளான உடலில் நோய்த்தொற்று மிகுவதற்கு ஒரே விளக்கம்தான் இருந்தது: உடலின் எதிர்ப்பாற்றல் குன்றுகிறது, எனவே கிருமி வெல்கிறது. லைட் இதனோடு இன்னொரு வினாவை எழுப்பினார். உடல் தளர்வதற்குக் காத்திருக்காமல், உடல் தளரப்போகிறது என்னும் செய்தியையே கிருமி படித்துவிடுகிறதா? 1997இல் அவர் பெய்லியுடன் இணைந்து சுண்டெலிகளில் செய்த சோதனை இவ்வினாவுக்கு வலுச்சேர்த்தது. நரம்பு முனைகளைச் சிதைக்கும் ஒரு நஞ்சைச் செலுத்தியதும் உடலில் நார்அட்ரினலின் பெருமளவு வெளிப்பட்டது. ஒரே நாளில் பெருங்குடலின் தொடக்கப் பகுதியில் ஈ.கோலை பல ஆயிரம் மடங்கு பெருகியது.

தமிழில் இச்செய்தி பரவிய விதம் குறித்து ஒரு சொல். நம் நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களில் இது பெரும்பாலும் குடல் நலமும் மனநலமும் என்ற தலைப்பில் தயிரின் பெருமையாகவே சுருங்கிவிடுகிறது. மனிதரிடமிருந்து பார்வையைச் சற்றே விலக்கினால் இவ்வுறவின் அமைப்பு தெளிவாகத் தெரியும் என்பது என் கருத்து. அதற்கு இறால் ஏற்ற விலங்கு.

ஏரியின் நிலை

சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு, ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் பரந்து கிடக்கிறது. வங்கக் கடலிலிருந்து அதனைப் பிரிப்பது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கியும் சொர்ணமுகியும் நன்னீரைக் கொணர்கின்றன. முகத்துவாரம் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. வடகிழக்குப் பருவமழையின்போது ஆற்று வாய்களை ஒட்டிய நீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும். கோடையில், குறிப்பாக மணல்மேடிட்டு முகத்துவாரம் அடைபட்ட ஆண்டுகளில், ஏரிநீரின் உப்பு கடல்நீரின் அளவான லிட்டருக்கு 35 கிராமையும் விஞ்சும். உப்பும் வெப்பமும் ஏற ஏற நீரில் கரையும் உயிர்வளி குறையும் என்பது இயற்பியல். முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது இவ்வூர் மீனவரின் நெடுநாள் கோரிக்கை.

வெள்ளை இறால் ஆழ்கடல் பக்கம் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் புகுந்து, சேற்றிலும் கடற்புல்லிலும் வளர்ந்து, முதிரும் தறுவாயில் மீண்டும் கடலை நாடும். வற்று நீரோடு வெளியேறும் இந்த இறாலைத்தான் முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் சுத்து வலை கட்டிப் பிடிக்கின்றனர். இடம் குறுகியது, உரிமை உடையோர் பலர். ஆகவே கோட்டைக்குப்பம் முதலான குப்பங்கள் முறைவைத்து இடத்தைப் பகிரும் பாடு முறையைக் கொண்டுள்ளன. செபஸ்டியன் மேத்யூ 1991இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கைக்குப் பின் இம்முறை உலக அளவில் மீன்வள அறிஞரின் கவனத்தைப் பெற்றது.

ஆக, ஓர் இறால் தன் வாழ்நாளில் நன்னீரையொத்த நீரையும் கடலினும் உவர்த்த நீரையும் கடந்து வருகிறது. இவ்வளவு மாற்றத்தைத் தாங்கும் உடல், அதற்கான விலையையும் கொடுத்தாக வேண்டும்.

இறால் உடலின் செய்திமுறை

நம் சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பியைப் போன்ற ஒன்று இறாலுக்கு இல்லை. ஆயினும் டோபமைன், நார்அட்ரினலின், செரட்டோனின், முதுகெலும்பற்றவற்றுக்கே சிறப்பான ஆக்டோபமைன் ஆகியன அதன் நரம்புத் திசுக்களிலிருந்து நிணக்குருதிக்கு வருகின்றன. இவற்றோடு கண்காம்பில் உள்ள சுரப்புத் தொகுதி ஒன்று சர்க்கரை அளவை உயர்த்தும் இயக்குநீரை விடுவிக்கிறது. குஞ்சுப் பண்ணைகளில் தாய் இறாலின் ஒரு கண்காம்பை நீக்கி முட்டை முதிர்வை விரைவுபடுத்தும் வழக்கம் இதே தொகுதியைச் சார்ந்ததுதான்; முட்டை வளர்ச்சியைத் தடுக்கும் இயக்குநீரும் அங்கேதான் சுரக்கிறது.

உப்பு திடீரென மாறும்போதும், உயிர்வளி குறையும்போதும், வெப்பம் ஏறும்போதும், நீரை விட்டு வெளியே எடுக்கும்போதும் நிணக்குருதியில் இவற்றின் அளவு உயர்கிறது. இறாலின் குருதிச் சுற்றோட்டம் திறந்த வகையைச் சேர்ந்தது. அதாவது நிணக்குருதி மெல்லிய குழல்களுக்குள் அடைபடாமல் உறுப்புகளை நேரே தோய்க்கிறது. குடற்சுவரின் வெளிப்புறமும் அதில் நனைந்தே இருக்கிறது, உட்புறத்தில் பாக்டீரியங்கள். முன்குடலும் பின்குடலும் கைட்டின் உறையால் மூடப்பட்டவை. நடுக்குடலுக்கு அந்தக் காப்பு இல்லை. உணவைச் சுற்றிய மெல்லிய படலம் மட்டுமே உண்டு. ஓடு கழற்றும் காலத்தில் முன்குடல், பின்குடல் உறைகளும் சேர்ந்தே உரிகின்றன. கைட்டினைச் செரிக்கும் நொதியைப் பெற்றுள்ள விப்ரியோவுக்கு இது வாய்ப்பான வேளை. நலமாகத் தோன்றும் இறாலின் நிணக்குருதியிலும் சிறு எண்ணிக்கையில் விப்ரியோ காணப்படுவதை ஆய்வாளர் பலமுறை பதிவு செய்துள்ளனர். எனவே இயக்குநீரும் பாக்டீரியமும் சந்திப்பதற்குத் தொலைதூரம் கடக்க வேண்டியதில்லை.

மனிதக் குடலிலும் நிலைமை பெரிதும் வேறானதன்று. நம் உடலில் உருவாகும் நார்அட்ரினலினில் ஏறத்தாழ பாதி குடலையும் அதனைச் சார்ந்த உறுப்புகளையும் சேர்ந்த நரம்புகளிலிருந்து வருவது.

ஏற்பியும் இரும்பும்

பாக்டீரியத்துக்கு இச்செய்தி எவ்வாறு எட்டுகிறது? இருவேறு வழிகள் அறியப்பட்டுள்ளன.

முதலாவது, ஏற்பி. வனேசா ஸ்பெராண்டியோவும் உடன்பணியாற்றியோரும் 2003இலும் 2006இலும் வெளியிட்ட ஆய்வுகள் குருதிக்கழிச்சலை உண்டாக்கும் ஈ.கோலை ஓ157:எச்7 வகையைப் பற்றியவை. அதன் உட்சவ்வில் பதிந்துள்ள க்யூஎஸ்ஈ-சி என்னும் புரதம் அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் உணர்கிறது என்று அவர்கள் காட்டினர். செய்தி கிட்டியதும் இப்புரதம் தன்மீதே ஒரு பாஸ்பேட்டைச் சூட்டிக்கொள்கிறது. பின் அதை உட்புறத்திலுள்ள க்யூஎஸ்ஈ-பி என்ற துணைப் புரதத்துக்குக் கைமாற்றுகிறது. அது மரபணுக்களின் மேல் அமர்ந்து, நீந்துதற்குரிய கசையிழை ஆக்கத்தைத் தூண்டுகிறது. நம் உடலில் நார்அட்ரினலினின் ஏற்பியை அடைக்கும் ஃபென்டோலமைன் என்ற மருந்து இந்தப் பாக்டீரியப் புரதத்தையும் அடைத்தது. விலங்கின் ஏற்பிக்கும் பாக்டீரியத்தின் ஏற்பிக்கும் கட்டமைப்பில் உறவில்லை. ஆனால் இரண்டும் ஒரே மூலக்கூறுக்குச் செவிகொடுக்கின்றன. இப்புரதத்துக்கு ஒப்பானவை வேறு பல கிராம் எதிர் பாக்டீரியங்களிலும் உள்ளன. எல்லாவற்றிலும் அது இயக்குநீரை நேரடியாகப் பற்றுகிறதா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. இக்கருவியை மாறா உண்மைபோல் பாடநூலில் எழுதிவிடக்கூடாது.

இரண்டாவது வழி இரும்பு. இது எனக்கு இன்னும் சுவையானதாகப் படுகிறது. இதில் செய்தி, அறிதல் போன்ற சொற்களுக்கே பெரிய தேவை இல்லை. விலங்குடல் தன் இரும்பைப் பூட்டி வைத்திருக்கும். குருதியில் டிரான்ஸ்ஃபெரின், பாலிலும் சளியிலும் லாக்டோஃபெரின் ஆகிய புரதங்கள் இரும்பை இறுகப் பற்றியிருப்பதால் பாக்டீரியம் பட்டினி கிடக்க நேர்கிறது. அட்ரினலின், நார்அட்ரினலின், டோபமைன் மூன்றிலும் ஒரு பென்சீன் வளையமும் அதில் அடுத்தடுத்து இரு ஹைட்ராக்சில் தொகுதிகளும் உண்டு. கேட்டகால் எனப்படும் இவ்வமைப்பு இரும்பை ஈர்க்கும் இயல்புடையது. இம்மூலக்கூறு டிரான்ஸ்ஃபெரினிடம் உள்ள மூவிணை இரும்பை ஈரிணை இரும்பாக ஒடுக்குகிறது, ஈரிணை இரும்பின்மீது அப்புரதத்துக்குப் பிடிப்புக் குறைவு, இரும்பு நழுவுகிறது. குடல் பாக்டீரியங்கள் தாமே சுரந்து இரும்பைத் தேடிவர அனுப்பும் என்டெரோபாக்டினிலும் இதே கேட்டகால் அமைப்பு மூன்று இடங்களில் உள்ளது. விலங்கின் இயக்குநீர் பூட்டைத் திறக்க, பாக்டீரியத்தின் இரும்புகொணரி பொருளை எடுத்துச் செல்கிறது. லைட்டின் முதற்சோதனைகளில் குருதித்தெளிவு கலந்த ஊடகத்தில் வளர்ச்சி அவ்வளவு மிகுந்ததற்கு இவ்விளக்கம் பெரிதும் பொருந்துகிறது.

கலைச்சொல் குறித்து

தமிழில் எழுதும்போது இரு சொற்கள் இடறுகின்றன. ஹார்மோனைக் குறிக்கும் 'இயக்குநீர்' நல்ல சொல், பாடநூல்களில் நிலைபெற்றது. ஆனால் அது இயக்குபவனின் பக்கம் நின்று பேசுகிறது. பாக்டீரியத்தை இயக்குவதற்காக எந்த விலங்கும் நார்அட்ரினலினைச் சுரப்பதில்லை. அது பிறருக்கு உரைத்ததை ஒட்டுக்கேட்பது போன்றது. சொல்லை மாற்ற வேண்டும் என்று நான் வாதிடவில்லை. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு கையாளவேண்டும் என்பதே வேண்டுகோள்.

மற்றொன்று, பாக்டீரியங்கள் தம் எண்ணிக்கையைத் தாமே அறிந்து ஒருமித்துச் செயற்படும் நிகழ்வு. இதனைக் 'குழாம் உணர்வு' என்றும் 'கூட்ட உணர்வு' என்றும் பலவாறு மொழிபெயர்க்கின்றனர். ஊராட்சி மன்றக் கூட்ட விதிகளில், கூட்டம் செல்லுபடியாவதற்கு வேண்டிய குறைந்த அளவு உறுப்பினர் எண்ணிக்கைக்குக் குறைவெண் என்ற சொல் ஏற்கெனவே வழக்கிலுள்ளது. போதிய எண்ணிக்கை சேர்ந்த பிறகே முடிவெடுக்கும் பாக்டீரியத்துக்கும் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆகவே இங்குக் 'குறைவெண் உணர்தல்' என்றே எழுதுகிறேன். இந்நிகழ்வை ஆராய உதவிய முதன்மையான பாக்டீரியங்களுள் ஒன்று ஒளிரும் விப்ரியோ ஹார்வேயி. 2019 ஆகத்தில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்ததோடு இதனைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. அது நாக்டிலுகா என்னும் ஒருசெல் மிதவையுயிரின் ஒளி.

விப்ரியோவும் நெருக்கடியும்

ஒளிரும் விப்ரியோ குஞ்சுப் பண்ணைகளின் பழைய பகை. மங்களூரிலிருந்து இட்யா கருணாசாகர், இந்திராணி கருணாசாகர் முதலியோர் 1994இல் வெளியிட்ட கட்டுரை, நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு அடங்காத விப்ரியோ ஹார்வேயியால் வரி இறால் குஞ்சுகள் கூட்டமாக மடிந்ததைப் பதிவு செய்தது. மருந்து தோற்ற இடத்தில்தான் இயக்குநீர் ஆய்வு பொருள் பெறுகிறது.

தைவான் ஆய்வாளர்கள் 2000களின் நடுப்பகுதியில் வனாமி இறாலுக்கு டோபமைனையும் நார்அட்ரினலினையும் ஊசிவழிச் செலுத்தினர். இறாலின் எதிர்ப்பாற்றல் அளவுகள் சரிந்தன. விப்ரியோ ஆல்ஜினோலிட்டிகஸ் தொற்றால் இறப்பு மிகுந்தது. இதில் ஒரு சிக்கல் உண்டு. இறப்பு மிகுந்தது இறால் தளர்ந்ததாலா, பாக்டீரியம் ஊக்கம் பெற்றதாலா? ஊசி இறாலின் உடலில் ஏறியபின் இரண்டும் ஒரே கலத்தில் கலந்துவிடுகின்றன, பிரித்தறிய வழியில்லை.

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் போசியே, டாம் டெஃபோயர்ட் குழுவினர் 2014இல் வெளியிட்ட சோதனை இம்முடிச்சை அவிழ்த்தது. அவர்கள் இயக்குநீரை விலங்குக்குக் கொடுக்கவே இல்லை. விப்ரியோ கேம்ப்பெல்லியை மட்டும் முன்கூட்டியே நார்அட்ரினலினிலோ டோபமைனிலோ வளர்த்து, பின்னர் நன்னீர் இறால் குஞ்சுகள் வாழும் நீரில் விட்டனர். எந்த நெருக்கடிக்கும் உள்ளாகாத குஞ்சுகள் வழக்கத்தைவிட மிகுதியாக மடிந்தன. பாக்டீரியங்களின் நீந்தும் இயக்கமும் இயக்குநீரால் மிகுந்திருந்தது. விலங்கு ஏற்பிகளை அடைக்கும் மருந்துகள் அவ்விளைவை முறியடித்தன. அதே ஆண்டு வெளியான இணை ஆய்வொன்று, விப்ரியோ ஹார்வேயியில் இயக்கத்தோடு உயிர்ப்படல ஆக்கமும் கூடுவதைக் காட்டியது. ஆக, விலங்கின் தளர்ச்சி ஒரு காரணம் என்றால், பாக்டீரியத்தின் ஊக்கம் தனித்த மற்றொரு காரணம்.

இம்முடிவை ஏரிக்குப் பொருத்தும்போது இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். ஆய்வகங்களில் பயன்படும் அளவு பெரும்பாலும் 50 முதல் 100 மைக்ரோமோலார். குருதியில் ஓடும் அளவு அதனினும் ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. நரம்பு முனையை ஒட்டிய மிகச் சிறிய இடைவெளியில் செறிவு உயர்ந்திருக்கும் என்பதே இதற்குச் சொல்லப்படும் மறுமொழி. மேலும், பண்ணைத் தொட்டியில் நெருக்கியடைத்து வளரும் இறாலும் திறந்த ஏரியில் திரியும் இறாலும் ஒரே நிலையில் இல்லை. ஏரியில் நோயுற்ற இறாலை மீன் விழுங்கிவிடும். பிணம் மிதப்பதைப் பார்த்து நோயைக் கணக்கிடும் வழி அங்கு இல்லை.

செய்தி ஒருவழிப் பாதையும் அன்று. நோபுயுகி சூடோ குழுவினர் 2004இல், நுண்ணுயிரே இன்றி வளர்க்கப்பட்ட சுண்டெலிகளின் நெருக்கடி இயக்குநீர் ஏற்றம் அளவு மீறியதாக இருப்பதைக் கண்டனர். 2020இல், உருளைப்புழு ஒன்றின் குடலில் வாழும் பிராவிடென்சியா பாக்டீரியம் டைரமைனை உருவாக்குவதும், அது புழுவின் உடலில் ஆக்டோபமைனாக மாறி அதன் மணநாட்டத்தையே திருத்துவதும் வெளியாயின. ஆக்டோபமைன் இறாலுக்கும் உரியது என்பதால் இப்புழுவின் கதை நமக்கு அயலானதன்று.

1000 மீட்டரும் மருந்தும்

பழவேற்காட்டுக்கு இந்த ஆய்வு எந்த வகையில் தொடர்புடையது என்று வினவலாம். நாகப்பட்டினத்துக் காந்தியர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று வழங்கிய தீர்ப்பு, சில்கா, பழவேற்காடு ஏரிகளைப் பெயர் சுட்டி, அவற்றிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை அமைக்கக் கூடாது என்றது. 2005ஆம் ஆண்டின் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்நிலையைப் பெரிதும் மாற்றியது. 2009இல் வனாமி இறாலும் அனுமதி பெற்றது. வழக்கின் மையம் உவர்நீரும் கழிவும் நிலத்தையும் குடிநீரையும் கெடுப்பதே. நுண்ணுயிர் இயக்குநீரியல் அத்தொலைவுக்கு வேறொரு பொருளும் தருகிறது. மருந்துண்டு மருந்தை வென்ற பாக்டீரியம் கழிவோடு ஏரிக்கு வருமானால், கோடை நெருக்கடியில் இருக்கும் இறாலின் இயக்குநீர் அதற்கும் கேட்கும்.

நுண்ணுயிர்க்கொல்லிக்கு மாற்றாக, கொல்லாமல் செவியை மட்டும் அடைக்கும் மருந்தைத் தேடும் முயற்சியும் நடைபெறுகிறது. 2008இல் ஸ்பெராண்டியோ குழுவினர் அறிமுகப்படுத்திய எல்ஈடி209 என்ற சேர்மம் க்யூஎஸ்ஈ-சியைத் தடுப்பது. பாக்டீரியத்தின் வளர்ச்சியை அது தடுப்பதில்லை. கொல்லாத மருந்துக்கு எதிர்ப்பு மெதுவாகவே தோன்றும் என்பது எதிர்பார்ப்பு. குளத்துக்கு ஒருவேளை இது உதவலாம். ஏரியில் மருந்து ஊற்ற முடியாது. அங்கே நெருக்கடியைக் குறைக்க உள்ள வழி நீரோட்டம்தான். முகத்துவாரம் பற்றிய மீனவர் கோரிக்கை, இறால் குஞ்சு உள்ளே வருவதற்கான கோரிக்கையாக மட்டுமே பதிவாகிவருகிறது. உள்ளே வந்துவிட்ட இறாலின் உடல்நலத்துக்கும் அதுவே வழி என்பதை மீன்வள அறிக்கைகள் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

மாதிரி எடுத்தலில் ஒரு சிக்கல்

இவற்றை ஏரியில் அளக்க முற்படும் ஆய்வாளர் முதலில் எதிர்கொள்வது வலை. இறாலின் நிணக்குருதியில் நெருக்கடி இயக்குநீர்கள் சில நிமிடங்களிலேயே உயரக்கூடியவை. இரவில் கட்டிய சுத்து வலையின் மடியில் நெருக்குண்டு, விடியலில் கரை சேர்ந்து, ஏலக்களத்தில் கொட்டப்பட்ட இறாலில் நாம் அளப்பது ஏரி தந்த நெருக்கடியை அன்று, வலை தந்த நெருக்கடியை. பனிக்கட்டிப் பெட்டியில் ஆய்வகத்துக்கு வரும் மாதிரி இன்னும் பயனற்றது. நண்டில் நிலைமை மேலும் மோசம்: பச்சை நண்டைக் கொடுக்குக் கட்டி உயிரோடு பல மணி நேரம் நீருக்கு வெளியே வைத்துத்தான் விற்கின்றனர், சிங்கப்பூர் வரை அது அப்படியே செல்கிறது.

இருளர் பெண்கள் இடுப்பளவுக்கும் குறைந்த நீரில் அமர்ந்தவாறு நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறாலைப் பற்றி, பல்லால் கவ்வியிருக்கும் பனையோலைப் பறியில் இடுகின்றனர். ஓர் இறால் கையில் அகப்படுவதற்கும் பறிக்குள் விழுவதற்கும் இடையே சில நொடிகளே ஆகும். மீன்வளப் புள்ளிவிவரங்களில் இப்பிடிப்புக்குச் சிறு இடம்கூட இல்லை. இயக்குநீர் அளப்பதற்கோ இதைவிடத் தூய்மையான மாதிரி ஏரியில் வேறெங்கும் கிடைக்காது. அதே நாள், அதே நீரில், பறியிலிருந்து ஒரு தொகுதியும் சுத்து வலையிலிருந்து ஒரு தொகுதியும் எடுத்து, பிடித்த இடத்திலேயே நிணக்குருதியை உறிஞ்சி, குடலைத் தனியே பிரித்து உறையவைத்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடே வலையின் பங்கு. முகத்துவாரம் திறந்திருக்கும் மாதத்திலும் அடைபட்ட மாதத்திலும் பறி இறாலுக்கு இடையே காணும் வேறுபாடு ஏரியின் பங்கு. இந்த இரண்டாம் வேறுபாட்டோடு குடல் விப்ரியோவின் எண்ணிக்கையும் நீந்தும் திறனும் சேர்ந்து நகர்கின்றனவா என்பதே அளந்தறிய வேண்டியது. அப்பெண்களுக்கு மாதிரியின் விலையோடு அன்றைய நாள் கூலியையும் ஆய்வு நிதியிலிருந்து வழங்க வேண்டும். ஊசியும் குப்பியுமாக ஆய்வாளர் அருகில் நிற்கும் நாளில் பறி நிறைவதில்லை.